கார் ஏசி கூல் ஆகலையா? கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

வெயில் ஏற ஆரம்பிச்சதுமே ஏசி கடைங்கள்ல வரிசை கட்டி கார் நிக்கும், போனதும் "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திடலாம்"னு ஒரே பதில் வரும். ஏத்திட்டு வந்தா ஜில்லுன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல பழைய கதை. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் இல்ல. சீக்கிரம் குறையுதுன்னா எங்கயோ லீக் இருக்கு, அதை அடைக்காம ஏத்துற காசு அப்படியே காத்துல போகுது.

சரி, வீட்லயே பார்க்கக்கூடியதுல இருந்து ஆரம்பிப்போம்.

முதல்ல கேபின் ஃபில்டர். நிறைய கார்ல குளோவ் பாக்ஸுக்கு பின்னாடி இருக்கும், ரெண்டு பக்கமும் உள்ள அமுக்கினா பாக்ஸ் கீழ இறங்கிடும், பின்னாடி நீளமா ஒரு மூடி தெரியும், அதை எடுத்தா ஃபில்டர் கையோட வந்துடும். இலைச்சருகு, முடி, தூசின்னு கருப்பா அடைஞ்சு கெடந்தா காத்து எப்படி வரும்? சில நூறு ரூபாதான், மாத்திடுங்க. காத்து நல்லா வேகமா வருது ஆனா கூல் இல்லன்னா பிரச்சனை வேற இடத்துல. காத்து கடைசி ஸ்பீடுல மட்டும்தான் வருதுன்னா பெரும்பாலும் ப்ளோயர் ரெசிஸ்டர் (ஏசி ஃபேன் ஸ்பீடை கூட்டிக் குறைக்கிற பார்ட்), அதுவும் சின்ன செலவுதான்.

அடுத்து கண்டன்ஸர், அதாவது ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற, கேஸோட சூட்டை வெளிய தள்ற வலை மாதிரி பார்ட். கார் ஓடும்போது கூல் ஆகுது, சிக்னல்ல நின்னா சூடா வருதுன்னா சந்தேகம் இங்கதான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு முன்னாடி ஃபேன் சுத்துதான்னு பாருங்க, கை, துப்பட்டா எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க. ஃபேன் சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே (கரன்ட்டை விட்டு நிறுத்துற சின்ன ஸ்விட்ச் பெட்டி), மோட்டார் இதுல ஏதோ ஒண்ணு. சுத்துதுன்னா இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம் தோட்டத்து ஓஸ்ல மெதுவா தண்ணி விட்டு கண்டன்ஸர்ல ஒட்டியிருக்கிற பூச்சி, சேறு எல்லாத்தையும் கழுவி விடுங்க. வாட்டர் வாஷ் கன்னை கிட்ட வச்சு அடிக்கக் கூடாது, அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கிடும்.

மூணாவது கம்ப்ரஸர், கேஸை அமுக்கி சுத்த வைக்கிற பம்ப். ஏசி பட்டனை அமுக்கினா பானெட்டுக்குள்ள "டக்"னு ஒரு சத்தம் கேக்கணும், அதான் கம்ப்ரஸரை இன்ஜின் பெல்ட்டோட சேர்க்கிற க்ளட்ச் புடிக்கிற சத்தம் (சில புது கார்ல க்ளட்ச்சே கிடையாது, அதுல இதை வச்சு சொல்ல முடியாது). சத்தமே இல்லன்னா ஏசி ஃபியூஸைப் பாருங்க, அப்புறம் ரிலே. பக்கத்துலயே அதே நம்பர்ல வேற ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும், பைசா செலவில்ல. க்ளட்ச் புடிச்சு புடிச்சு விடுதுன்னா கேஸ் கம்மியா இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் ரொம்ப இறங்கிட்டா ப்ரஷர் ஸ்விட்ச் க்ளட்ச்சை புடிக்கவே விடாது, அதனால சத்தம் வரலன்ன உடனே கம்ப்ரஸர் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

லீக்கை கண்ணாலயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் கசியும், அதுல தூசி ஒட்டி பைப் ஜாயின்ட்ல கருப்பா பிசுபிசுன்னு ஒரு திட்டு தெரியும். கண்டன்ஸர்ல, கம்ப்ரஸர் முன்பக்கத்துலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பைப்பை மட்டும் நீங்களா கழட்டாதீங்க. பல கார் ஏசியில இருக்கிற ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலயே கொதிக்கிற சமாச்சாரம், கையில, கண்ணுல பட்டா பெரிய காயம் ஆயிடும்.

இப்ப கடைக்குப் போறீங்க. "கேஸ் ஏத்துங்க"ன்னு சொல்லாம "முதல்ல நைட்ரஜன் போட்டு லீக் பாருங்கண்ணே"ன்னு சொல்லுங்க. நைட்ரஜன் ஏத்தி கேஜ் முள் இறங்குதான்னு ஒரு அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பாங்க, சோப்பு நுரை தடவினா லீக் இடத்துல குமிழி விடும். ஓ-ரிங் (ஜாயின்ட்ல போடுற ரப்பர் வளையம்), கேஸ் ஏத்துற இடத்துல உள்ள வால்வ் பின் மாதிரி சில்லறை சாமானா இருந்தா உங்க அதிர்ஷ்டம். அலுமினிய பைப்ல ஓட்டைன்னா ஆர்கான் வெல்டிங் வச்சுக்கலாம், புது பைப்பை விட ரொம்ப மலிவு. ஆனா கூலிங் காயில் (டேஷ்போர்டுக்குள்ள காத்தை ஜில்லாக்குற காயில்) லீக்ல மட்டும் ஒட்டு போடுற வேலை வேணாம், புதுசே போட்டுடுங்க, ஏன்னா அதை எடுக்க பல கார்ல டேஷ்போர்டையே கழட்டணும், திரும்ப லீக் ஆச்சுன்னா அந்தக் கூலியை மறுபடியும் அழணும்.

அடைச்சதுக்கு அப்புறம் அரை மணி நேரமாவது வேக்யூம் போடச் சொல்லுங்க, அதாவது உள்ள இருக்கிற காத்து, ஈரத்தை பம்ப் வச்சு உறிஞ்சி எடுக்கணும். உள்ள ஈரம் தங்குனா எக்ஸ்பேன்ஷன் வால்வ்ல (கூலிங் காயிலுக்கு கேஸை அளவா விடுற வால்வ்) ஐஸ் புடிக்கும், நாளடைவுல ஆசிட் ஆகி உள்ள அரிக்கும். எத்தனை கிராம் கேஸ் ஏத்தணும்னு பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அந்த அளவு எடை போட்டு ஏத்தணும். கூடப் போட்டாலும் கூல் குறையும். பாதி விலைக்கு எல்பிஜி கலந்த கேஸ் போடுறேன்னு சொன்னா அந்த இடத்தை விட்டு கிளம்பிடுங்க, அது தீப்புடிக்கிற கேஸ், நம்ம புள்ளைங்க உக்கார்ற வண்டி. லீக் அடைக்கிற கெமிக்கல் டப்பாவும் வேணாம், வால்வையே அடைச்சிடும்.

கம்ப்ரஸர்தான்னு முடிவா சொல்லிட்டாங்களா? ஏசி ஆஃப்ல இருக்கும்போதும் கரகரன்னு கத்துதுன்னா பெரும்பாலும் புல்லி (பெல்ட் சுத்துற சக்கரம்) பேரிங் மட்டும் மாத்தினா போதும். க்ளட்ச் காயில் எரிஞ்சிருந்தா காயில் மட்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, சென்னைல கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோடு பக்கம் விசாரிச்சுப் பாருங்க. உள்ளயே ஜாம் ஆயிருந்தாதான் முழுசா மாத்தணும். ரீகண்டிஷன் பண்ணது போடலாம், ஆனா வாரன்ட்டியை பில்லுல எழுதி வாங்குங்க. பழைய வண்டி சாமான் விக்கிற சென்னை புதுப்பேட்டைல பழைய கம்ப்ரஸரும் கிடைக்கும், விலை கம்மிதான், எத்தனை நாள் உழைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. எதைப் போட்டாலும் லைனை ஃப்ளஷ் பண்ணி (பைப்புக்குள்ள கழுவி விட்டு) டிரையரையும் (கேஸ்ல உள்ள ஈரத்தை உறிஞ்சுற பார்ட்) மாத்தியே ஆகணும், இல்லன்னா பழைய கம்ப்ரஸர் உதிர்த்த உலோகத் தூள் புதுசையும் தின்னுடும். டிரையருக்கு தனியா காசு கேட்டாங்கன்னா அதுல மட்டும் பேரம் பேசி வேணாம்னு விட்டுடாதீங்க.