மாத்திரையால் வந்த தடிப்பா? தேதி பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

உடம்பில் தடிப்பு கண்டால் குமரி மாவட்டத்து வீடுகளில் வரும் முதல் கேள்வி, "நேத்து சாப்பிட்டது கணவாயா, றாலா?" என்பதுதான். போன வாரம் தொடங்கிய மாத்திரை யாருக்கும் நினைவில் வருவதில்லை. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

முதல் படி: கடந்த 2 மாதத்தில் சாப்பிட்ட மருந்துகளை, தொடங்கிய தேதியோடு எழுதுங்கள். மெடிக்கலில் சும்மா வாங்கிய வலி மாத்திரை, போட்ட ஊசி, வைத்தியர் தந்த சூரணம், கஷாயம் எல்லாம் சேரும். நாட்டு மருந்துதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: நாட்களை எண்ணுங்கள். மார்பிலும் முதுகிலும் புள்ளிபுள்ளியாகத் தொடங்கி இருபக்கமும் ஒரேபோல் பரவும் தடிப்பு, பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாளுக்குள் வரும். முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாத மருந்தென்றால் இன்னும் சீக்கிரம் வரும். மருந்து முடிந்த சில நாள் கழித்தும் வரலாம்; அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடித்து எழும்பி இடம் மாறும் காணாக்கடி சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ வந்துவிடும். ஒரே மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வட்டமாகக் கறுத்தால், அந்த மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். பகல் வெளிச்சத்தில் பார்த்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: வேலையையும் யோசியுங்கள். முந்திரி ஆலையில் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கைதான் முதலில் புண்ணாகும். குளச்சலில் கடலுக்குப் போகிறவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால், வெயில் படும் முகமும் கையும் எரிந்து சிவக்கலாம். சட்டை மறைத்த இடம் தப்பும்.

காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், கொப்புளம், தோல் உரிதல், தொட்டால் வலி, முகவீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த வேளை மருந்தைப் போடாமல், மாத்திரை அட்டைகளோடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே போங்கள், 108-ஐ அழையுங்கள். வலிப்பு மாத்திரை, யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் சாப்பிடுகிறவர்கள் முதல் 2 மாதம் கூடுதலாகக் கவனியுங்கள்.

இந்த அறிகுறிகள் இல்லையென்றால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துதான் காரணமென்றால் அதன் பெயரை எழுதி வாங்கி, இனி ஒவ்வொரு மருத்துவரிடமும் மெடிக்கலிலும் காட்டுங்கள். பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.