டிஷ்யூ கல்ச்சர் வாழைக்கன்னு வாங்குறப்ப இலையை ஏன் பாக்கணும்

கொள்ளிடக்கரை படுகையில ஜி9 வாழை ரகம் போடுற நிறைய பேர் இப்ப டிஷ்யூ கல்ச்சர் கன்னுதான், அதாவது ஆய்வகத்துல திசுவை பாட்டில்ல வச்சுப் பெருக்குன கன்னுதான் வாங்குறாங்க. எல்லாம் ஒரே மாதிரி வரும்னுதானே வாங்குறோம், ஆனா நடுவுல சிலது மட்டும் குட்டையா, இலை தடிச்சு நிக்கும், உடனே பழி உரத்து மேல போயிடும். ஆனா கோளாறு கன்னுக்குள்ளயே இருக்கலாம்.

வேர், இலை, தார் எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே டிஎன்ஏதான். அது ஹிஸ்டோன்ங்கிற புரத உருண்டையில, உருண்டைக்கு 147 எழுத்து நீளம்னு சுத்தியிருக்கும், இந்தக் கட்டுக்குப் பேர்தான் குரோமாட்டின். சுருட்டி வச்ச பாய்ல படுக்க முடியாதுல்ல, அதே கதைதான், இறுக்கமா சுத்துன இடத்துல ஜீன் வேலை செய்யாது. எங்க இறுக்கணும்னு டிஎன்ஏ மேல மெத்தில்ங்கிற சின்ன வேதி அடையாளம் இருக்கும், செல் பிரியுறப்ப அதுவும் சேந்து காப்பியாகும். பாட்டில்ல ஹார்மோன் ஊத்தி திரும்பத் திரும்பப் பெருக்குனா இந்த அடையாளம் அங்கங்க அழியும். மலேசியாவுல இப்படிப் பெருக்குன எண்ணெய்ப்பனையில பூவே கோணலாகி விளைச்சல் போச்சு, காரணம் 'கர்மா'ங்கிற தாவும் ஜீன்ல (டிஎன்ஏவுக்குள்ள இடம் மாறுற துண்டு) மெத்தில் போனதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க (பேர் நெஜமாவே அதான்). வாழையில எல்லாக் கோளாறும் இதனாலன்னு சொல்லிட முடியாது, ஜீனே மாறிப்போறதும் உண்டு.

அதனால நர்சரியில மொதல்ல எத்தனை தடவை பெருக்குனீங்கன்னு கேளுங்க, எட்டு சுத்தோட நிறுத்துறதுதான் வழக்கம், மழுப்புனா வேற எடம் பாருங்க. மத்திய அரசோட டிஷ்யூ கல்ச்சர் சான்று லேபிள் இருக்கான்னும் பாருங்க. அப்புறம் ட்ரேயில குனிஞ்சு பக்கத்துப் பக்கத்துக் கன்னை ஒப்பிடுங்க, இலை நீளம் கம்மியா அகலம் ஜாஸ்தியா, காம்பு ஒன்னு மேல ஒன்னு நெருக்கி அடுக்குன மாதிரி இருந்தா அது குட்டை ரகமா திரிஞ்சது, வெள்ளைக் கோடு, நெளிஞ்ச இலை இருந்தாலும் எடுக்காதீங்க. இலையெல்லாம் உச்சியில கொத்தா வெறச்சு நின்னு, காம்புல கரும்பச்சையா புள்ளியும் கோடுமா ஓடுச்சுன்னா அது வேற விஷயம், முடிக்கொத்து வைரஸ், அந்த லாட்டே வேணாம்.

கண்ணுல படாம தப்பிச்சு வயல்ல வளந்த கோளாறு மரத்தோட பக்கக்கன்னை மறுதாம்புக்கு (அடுத்த போகத்துக்கு) விட்றாதீங்க, தாய்க்கட்டையில இருக்குற கோளாறு கன்னுக்கும் போகும். நல்ல தார் போட்ட மரத்துல மட்டும் சுண்ணாம்புல ஒரு கோடு இழுத்து வச்சுக்கங்க, ஈட்டிக்கன்னு (ஈட்டி மாதிரி ஒடுக்கமான இலையோட வர்ற பக்கக்கன்னு) எடுக்குறப்ப வேலையாளுக்கும் தெரியும்.