ஐப்பசி மழைக்கு முன்னால் பனங்கொட்டை ஊன்றுங்கள்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று கன்று நட்டுவிட்டு, அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் அது அனல் அடிக்கிற காலம். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள்தான் கொட்டும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் கொட்டை மண்ணுக்குள் போய்விட வேண்டும். மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆடி கடைசியிலேயே பழம் பொறுக்க ஆரம்பிக்கலாம். பழுத்துத் தானாக விழுந்ததுதான் வேண்டும். நுங்கு வெட்டிப் போட்ட கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த வெறுங்காயை, மூட்டை கட்டிக் கொண்டுவராதீர்கள், முளைக்காது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலதில் இரண்டு, ஒன்று. சதையைச் சுட்டுத் தின்னுங்கள். மீந்ததை நிழலில் குவித்தால் அழுகித் தானே கழன்றுவிடும். வெயிலில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

இடம் என்றால் நான் கண்மாய்க் கரையைத்தான் சொல்வேன். முதலில் அது யார் பொறுப்பு என்று கேளுங்கள்: நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளது நீர்வளத் துறையிடம், சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். கேட்கப் போகும்போதே தூர்வாருகிற திட்டம் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். ஜேசிபி வந்து கரைக்கு மண் அணைத்தால் ஊன்றியதெல்லாம் போச்சு. தண்ணீர் திறந்துவிடுகிற மடையையும், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கையும் ஒட்டி ஊன்ற வேண்டாம். ஆள் நடக்கிற, மாடு போகிற கரை மேட்டையும் விட்டுவிடுங்கள். வெளிச்சரிவு நல்லது.

பத்தடிக்கு ஒன்று. கடப்பாரையால் முக்கால் அடி குத்தி, கொட்டையின் மூக்கு கீழே பார்க்க வைத்து, மேலே நாலு விரல் மண் மூடி மிதித்துவிட்டால் வேலை முடிந்தது. எருவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

இனிமேல்தான் பொறுமை. கார்த்திகை போய் மார்கழி வந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் முளைக்கலையே அத்தை" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பனை மேலே வருவதற்கு முன்னால் கீழே போகிற மரம். கொட்டையிலிருந்து ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கும். முளை அந்தக் குழலோடு ஆழத்துக்குப் போய், அங்கேதான் கிழங்கு கட்டி, பிறகு இலை விடும். வறட்சியைத் தாங்குவதும், மேலே தீப்பட்டாலும் பல சமயம் மறுபடி துளிர்ப்பதும் இந்த ஆழத்தால்தான். பையில் வளர்த்த பனங்கன்றை நான் வாங்கச் சொல்லமாட்டேன் என்பதற்கும் இதுவே காரணம். பைக்குள் இறங்க அதற்கு இடம் ஏது?

தை பிறந்ததும் ஆபத்து மனுஷரிடமிருந்து வரும். கரையில் கொட்டை இருப்பது தெரிந்தால் கிழங்குக்குத் தோண்டிவிடுவார்கள், பன்றியும் விடாது. பன்றிக்கு முள் வெட்டிப் போடலாம். பிள்ளைகளுக்கு நான் செய்கிற ஏற்பாடு வேறு. சின்னக் கொட்டைகளை வீட்டுப் பக்கம் மணல் குவித்துத் தனிப்பாத்தியாகப் போட்டுவிடுவேன். பொங்கலுக்கு அதைப் பிடுங்கி அவித்துக் கொடுத்தால் கரைப்பக்கம் யாரும் போவதில்லை. இலை வந்த பிறகு ஆடு கடிக்கும், கோடையில் காய்ந்த கோரைக்கு யாராவது தீ வைப்பார்கள். முதல் மூன்று வருஷம் வடலியை, அதாவது இளம் பனையை, சுற்றிப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். லட்சம் விதை ஊன்றினோம் என்று பேனர் வைக்கிறவர்களிடம், மூன்றாம் வருஷம் எத்தனை வடலி நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பனை வைத்தால் நிலத்தடி நீர் பொங்கும் என்று மேடையில் பேசுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சல்லிவேர் கொத்தாக இறங்கிக் கரை மண்ணைப் பிடிக்கும். கரை நின்றால் கண்மாயில் தண்ணீர் நிற்கும், கிணறு ஊறும். அவ்வளவுதான், அதுவே பெரிசு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது பக்கத்திலேயே பனைகள் நின்றதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். தூக்கணாங்குருவி ஓலையில் கூடு தொங்கவிடும், பனை உழவாரன் குருவி ஓலைக்கு அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும், மரநாய் பழம் தின்ன வரும். மரம் வளர்ந்த பிறகு காய்ந்து தொங்கும் காவோலையை ஒன்றுவிடாமல் சிரைத்துவிடாதீர்கள். அவற்றுக்கும் இடம் வேண்டும்.

பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். பதநீரை மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் பேச்சு அது. பெட்டி முடைகிற எங்களுக்கு வடலி ஓலையே காசு. ஆணா பெண்ணா என்பது மட்டும் பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலேயும் ஆகும். அதனால் பத்து இருபதோடு நிறுத்தாமல் வரிசையாக ஊன்றுங்கள். அடுத்த புரட்டாசியில் கரையை ஒருமுறை நடந்து பார்த்து, இலை தெரியாத இடத்திலெல்லாம் மறுபடி ஒரு கொட்டை.