சின்னப்பனைத் தேடினால் பவுலுஸ் கிடைப்பார்: நீலகிரியில் முன்னோரைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் சின்னப்பன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய கல்யாணப் பதிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பங்குக் கோயிலின் பழைய ஏட்டை இரண்டு நாள் புரட்டினேன். சின்னப்பன் என்று ஒருவர்கூட இல்லை. தடுக்கி விழுந்தால் ஒரு சின்னப்பன் மேல்தான் விழ வேண்டும், அப்படிப்பட்ட தோட்டம் அது. எல்லாரும் எங்கே போனார்கள்? மூன்றாம் நாள் ஃபாதர் எட்டிப் பார்த்து, "பவுலுஸ்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பணிசெய்த பிரெஞ்சுக் குருக்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் லத்தீனில் எழுதி வைத்தார்கள். புனித பவுலுக்கு அந்தக் காலத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் சின்னப்பர். அதனால் வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். சூசை ஜோசஃபுஸ் ஆகிவிடுவார். ராயப்பன் பேத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், இஞ்ஞாசி இக்னாசியுஸ். சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே யாக்கோபுஸ்தான், அங்கே அப்பாவின் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும். இந்தச் சின்னப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கத்தோலிக்க ஏட்டைத் திறப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. நானே செய்ததால் சொல்கிறேன்.

அதே ஏட்டில் இன்னொரு பொறி, மாதம். பழைய லத்தீன் எழுத்தில் 7 என்று போட்டுப் பக்கத்தில் 'ப்ரிஸ்' என்று பொடியாக எழுதியிருப்பார்கள். ஜூலை என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவோம். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். என் நோட்டில் மூன்று தலைச்சன் குழந்தைகள் கல்யாணமாகி ஏழே மாதத்தில் பிறந்திருந்தார்கள். வீட்டில் சொன்னபோது அத்தை ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. மாதத்தைத் திருத்தி எழுதியதும் குடும்ப மானம் திரும்பி வந்தது.

அப்புறம், ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்வது. தோட்டங்களுக்குச் சாமியார் தினமுமா வந்தார்? வந்த அன்றைக்கு வரிசையாக ஆறேழு குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். அதில் ஒன்று பிறந்து பத்து நாள் ஆனதாக இருக்கும், இன்னொன்று நடக்கவே ஆரம்பித்திருக்கும். 'நாத்துஸ்' அல்லது 'நாத்தா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பிறந்த தேதி. அதேபோல அடக்க ஏட்டில் இருப்பது புதைத்த நாள், இறந்த நாள் தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவர் என்றாலே ஒரே வகை ஏடு என்று நினைத்துவிடவும் கூடாது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் 1830-இல் அபிஷேகம் செய்யப்பட்டு 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே ஆங்கிலத்தில் எழுதினார்கள். இத்தகைய ஆங்கிலிக்கன் ஆலயப் பதிவுகளின் நகல்கள் மெட்ராஸ் வழியாக லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெட்ராஸ் மாகாணத்துக்கான 'என்/2' வரிசை அதுதான். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்த நகலின் நகல். அதில் வெள்ளைக்காரரும் ஆங்கிலோ இந்தியரும்தான் அதிகம், நம்மவர் ஆங்காங்கே வருவார்கள். கேத்தியில் 1846-இல் கால் ஊன்றிய பாசல் மிஷன்காரர்கள் ஜெர்மன் பேசியவர்கள், படகர்களிடையே கன்னடத்தில் வேலை செய்தார்கள். அவர்களுடைய மிஷன் ஆவணங்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் பாட்டி 'மிஷன் கோயில்' என்று சொன்னால் எந்த மிஷன் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்க் கணக்கு?

"எங்க ஊர் கூடலூர், நீலகிரி ஆபீஸ்லதானே கேக்கணும்?" என்று கேட்பார்கள். 1877-க்கு முன் கூடலூர் இருந்த தென்கிழக்கு வயநாடு மலபாரைச் சேர்ந்தது. ஊட்டியே 1830 முதல் 1843 வரை மலபார்க் கணக்கில் இருந்தது, அதற்கு முன்னும் பின்னும் கோயம்புத்தூர். 1868-இல்தான் நீலகிரிக்குத் தனியாக ஒரு கமிஷனர் வந்தார், 1882-இல் கலெக்டர். அந்தக் காலத்துக் காகிதத்தை இன்றைய மாவட்ட எல்லைக்குள் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கோயில் கணக்கும் அப்படித்தான். உதகை மறைமாவட்டம் உருவானது 1955-இல். அதற்கு முந்தைய ஆயரகக் கடிதங்கள், அனுமதிச் சீட்டுகள் என்றால் மைசூர், கோயம்புத்தூர் என்று போக வேண்டியிருக்கும். வெலிங்டனைப் பழைய தாள்களில் ஜக்கதலா என்றுதான் பார்ப்பீர்கள். இன்றைக்கும் அங்கே கன்டோன்மென்ட் போர்டுக்குத் தனிப் பிறப்பு இறப்பு ஏடு. குன்னூர் நகராட்சியில் போய் நின்றால் கையை விரித்துவிடுவார்கள்.

கிராமங்களில் பிறப்பு இறப்பை மணியக்காரர் எழுதினார். 1980-இல் பரம்பரைப் பதவிகள் ஒழிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். பழைய ஏடுகள் அவரிடம் இருக்காது. தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு.

இதைவிட முக்கியம், பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், பெற்றோர் குடியிருந்த இடத்தில் அல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமக்கெல்லாம் தெரியும், தேடும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். தாத்தா கோத்தகிரியில் வாழ்ந்தார் என்பதற்காக மூத்த பிள்ளையைக் கோத்தகிரி ஏட்டில் தேடிக் களைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். பாட்டியின் ஊர் காரமடையோ சத்தியமங்கலமோ, அங்கே ஒரே நாளில் கிடைத்துவிடும். ஆகவே பாட்டியின் அம்மா வீடு எது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஏட்டில் பெயரே இல்லாமலும் இருக்கலாம். பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவதால் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். குழந்தையின் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயர், தெரு, தோட்டம் இவற்றை வைத்துத் தேடுங்கள். தாமதமாகப் பதிந்த பிறப்பு, பதிந்த வருஷத்து ஏட்டில் கிடக்கும், பிறந்த வருஷத்தில் இருக்காது. 'பதிவு இல்லை' என்று அலுவலகம் சான்று கொடுத்தால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த அலுவலகத்தில், அவர்கள் புரட்டிய வருஷங்களில் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

தாது வருஷம்

கோத்தகிரியில் தெரிந்த அக்கா ஒருவர், "எங்க அப்பாரு தாது வருஷத்துல பொறந்தவரு" என்றார். தாது வருஷம் என்றாலே நமக்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும், 1876. சமவெளியிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறிய குடும்பம் என்று மனதுக்குள் ஒரு கதையே எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் அவருக்கு எண்பத்து நான்கு வயதில் தலைச்சன் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை விட்டுவிட்டேன். அவர் பிறந்த தாது 1936. அதிலும் சித்திரையில் தொடங்கும் வருஷம் என்பதால் 1937 ஜனவரியில் பிறந்தவரும் தாதுக்காரர்தான். தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால் நல்லது, ஆனால் பக்கத்தில் இன்னொரு நிகழ்ச்சியை வைத்துப் பார்க்காமல் ஆங்கில வருஷமாக மாற்றாதீர்கள்.

பள்ளிச் சான்றிதழ்த் தேதியை நான் நம்புவதே இல்லை. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்லிச் சேர்த்த தலைமுறை அது. ஜூன் மாதம் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் ஒரு தேதி போட்டார். நம் பெரியவர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்ததன் ரகசியம் அதுதான். இறப்பு ஏட்டில் வயது 40, 45, 50, 60 என்று முழு எண்ணாகவே வந்துகொண்டிருந்தால் அதுவும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. பத்து வருஷம் முன்னும் பின்னும் இடம் விட்டுத் தேடுங்கள்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும், அப்பா பெயரும் அதேபோல மாறி மாறி வரும். மாரிமுத்து மகன் கருப்பையா, கருப்பையா மகன் மாரிமுத்து, மறுபடி மாரிமுத்து மகன் கருப்பையா. ஐம்பது வருஷ இடைவெளியில் இரண்டு கருப்பையாக்களை ஒருவராக்கி, நடுவில் இருந்த ஒருவரைக் காணாமல் ஆக்கிவிடுவோம். படகர் ஹட்டிகளில், அதாவது அவர்களுடைய ஊர்களில், பெள்ளி, மாதன், ஜோகி, லிங்கன் எனப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அங்கே ஒருவரைப் பிரித்தறிய நல்ல வழி, அம்மா எந்த ஹட்டியிலிருந்து வந்தவர் என்று கேட்பது. ஒரே ஹட்டிக்குள் பெண் எடுப்பதில்லை என்பதால் அந்தத் தகவல் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும், பெரியவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆங்கில எழுத்தில் தேடும்போது சின்னப்பனுக்கு 'சி' என்பதை ஐந்து விதமாக எழுதுவார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையில் இல்லையென்றால் மூலப் பக்கத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

இலங்கைக் குடும்பங்கள்

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பலர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உள்ள அலுவலகங்களில் தாத்தாவின் பிறப்பைத் தேடுகிறார்கள். அது பதுளையிலோ நுவரெலியாவிலோ மாத்தளையிலோ பதிவாகியிருக்கும். இதில் இரண்டு சறுக்கல்கள். ஒன்று, தோட்டத்தின் பெயர். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் சொன்ன தமிழ்ப் பெயர் வேறு, துரை காகிதத்தில் எழுதிய ஆங்கிலப் பெயர் வேறு. வீட்டில் கண்டியில் கொடுத்த பழைய பாஸ்போர்ட் இருந்தால் ஆங்கிலப் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அது பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. இரண்டாவது, 'சொந்த ஊர்' என்ற கேள்வி. இலங்கைக்குப் போன தலைமுறையின் ஊர் திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ ஒரு கிராமமாக இருக்கும். குலதெய்வம் எங்கே என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை மறந்தவர்கூடச் சாமியின் பெயரை மறப்பதில்லை.

கல்லறையில்

மலை ஈரம் கல்லைத் தின்றுவிடும். பாசியும் வெள்ளைப் படையும் மூடிய எழுத்தைப் பார்த்ததும் கம்பிப் பிரஷ்ஷை எடுப்பவர்களை என்ன சொல்வது? பளிங்கின் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வந்துவிடும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். சாயங்காலம் போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் வெறும் கல்லாக இருந்தது, சாய்த்து அடித்ததும் வரி வரியாக நிழல் விழுந்து படிக்க வரும். ஒருமுறை இப்படித்தான் '1891' என்று நான் குறித்து வைத்திருந்தது '1897' ஆனது. ஏழின் மேல்கோடு பாசிக்குள் ஒளிந்திருந்தது.

தெளிவாகப் படிக்க வரும் கல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வசதி வந்த பிறகு பேரன்கள் போட்ட கல்லாக இருக்கலாம், தேதி ஞாபகத்திலிருந்து வந்திருக்கும். ஒரே குழியில் குடும்பத்தின் அடுத்த ஆளையும் வைப்பதால் கடைசியாகப் போனவர் பெயர் மட்டும் கல்லில் மிஞ்சியிருக்கலாம். கல்லே இல்லாதவர்கள்தான் அதிகம். தோட்டத்து மயானங்களில் மேடுகூட மழையில் கரைந்துவிட்டது. அவர்களுக்கு இறப்பு ஏடு ஒன்றுதான் துணை.

கடைசியாக ஒன்று, இதுவும் என் தவறுதான். பவுலுஸ் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் வரி இருந்த பக்கத்தை மட்டும் கைபேசியில் படம் எடுத்தேன். அதே வாரம் இன்னும் இரண்டு கோயில்களில் வேறு பக்கங்களையும் எடுத்தேன். ஏட்டின் அட்டை, பக்க எண், மேலே வருஷம் எழுதிய வரி எதையும் எடுக்கவில்லை. அதில் ஒரு படத்தில், அழகான சாய்வெழுத்தில், பவுலுஸின் தங்கை என்று நான் நினைக்கும் ஒரு மரியாவின் கல்யாணம் இருக்கிறது. எந்தக் கோயிலின் ஏடு, எந்த வருஷம் என்று தெரியவில்லை. மூன்று கோயில்களுக்கும் மறுபடி போய்க்கொண்டிருக்கிறேன்.