கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்: காற்று கிளம்பும் முன் மேலே ஏறுங்கள்

கம்பம் பள்ளத்தாக்குக்கு சைக்கிளில் வருகிறவர்கள் பெரும்பாலும் தேனியில் தொடங்கி, குமுளி போகும் நெடுஞ்சாலையைப் பிடித்து, பைபாஸ் பைபாஸாகப் போய்விடுகிறார்கள். அப்புறம் கம்பத்தில் ஒரு டீக்கடையில் இறங்கி, "திராட்சைத் தோட்டம் எல்லாம் எங்கே இருக்கு?" என்று கேட்கிறார்கள். அதற்குள் மணி பத்தாகி, வெயிலும் ஏறி, எதிர்காற்றும் தொடங்கியிருக்கும். என் சொந்த ஊர் ஆனைமலையன்பட்டி. திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே வளர்ந்தவன். இந்தப் பள்ளத்தாக்கை அதற்குரிய மரியாதையோடு பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தின் சாய்வைப் புரிந்துகொள்ளுங்கள். குமுளி மலையடிவாரத்தில் தொடங்கும் பள்ளத்தாக்கு, வடகிழக்காகத் தேனி வரை சரிந்து வருகிறது. பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர்கேம்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லைப் பெரியாறாக இதே சரிவில் வைகை அணைக்குப் போகிறது. தேனியிலிருந்து கிளம்பினால் நீங்கள் ஆற்றுக்கு எதிராகப் போகிறீர்கள். சாலை சமமாகத்தான் தெரியும், கால் மட்டும் கனக்கும். தேனியிலிருந்து கம்பம் வரை சுமார் 40 கிலோமீட்டரும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்தான். கியரை ஒன்று குறைத்து, மிதியை வேகமாகச் சுற்றி, மூச்சு வாங்காமல் போங்கள். திரும்பும்போது இதே சாலை உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

காற்றும் அதே திசையில்தான் வருகிறது. வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை, குமுளிக் கணவாயில் நுழையும் தென்மேற்குக் காற்று பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி அடிக்கும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்த மாதங்களில் வெயில் ஏறியபின் கூடலூரை நோக்கி ஓட்டுவது வீண் பாடு. விடியுமுன் ஐந்தரைக்குக் கிளம்பி, ஒன்பதுக்குள் மேல்முனையை அடைந்துவிட்டால், அதே காற்று முதுகில் கைவைத்து வீட்டுக்கு அனுப்பும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால் தை, மாசிதான். காற்று அடங்கியிருக்கும், வயல் பச்சையாக இருக்கும், காலையில் லேசான குளிரும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் நெடுஞ்சாலை முழுக்க சபரிமலை வண்டிகள். இரவெல்லாம் ஓட்டிவந்த டிரைவர்கள் விடிகாலையில் அரைத் தூக்கத்தில் வருவார்கள், அந்த நேரத்தில் அங்கே சைக்கிளில் போகாதீர்கள். சித்திரைக் கடைசியில் வீரபாண்டி திருவிழா நடக்கும் நாட்களில் அந்த ஊரைக் கடப்பதற்கே நேரம் போய்விடும். மதுரையிலிருந்து தேனிக்கு 2022-இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. ஆனாலும் விடிகாலைக் கிளம்பலுக்கு முந்தின இரவே வந்து தங்குவதுதான் சரி.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 28 மில்லிமீட்டர் டயர் போதும், 25 வேண்டாம். ஊர்ச் சாலைகளில் வேகத்தடைகளுக்கு வெள்ளைக்கோடு இருக்காது. உழவு சமயத்தில் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து போட்ட வயல் சேறு காய்ந்து கட்டிகட்டியாகக் கிடக்கும். அறுப்பு நேரத்தில் வைக்கோலையும் நெல்லையும் சாலையிலேயே காயப்போடுவார்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், சறுக்கும், அதோடு அது ஒருவருடைய உழைப்பு. பஞ்சர் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளால்தான் வருகிறது. லாரிக்கு வழிவிட்டு ஓரம் இறங்கி ஏறினால், நின்று டயரை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு கட்டாயம் வேண்டும். இன்னொரு சின்னப் பொருள்: உங்கள் வண்டியில் பிரெஸ்டா வால்வு (ரேஸ் சைக்கிள்களில் வரும் ஒல்லியான வால்வு) இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் எல்லா ஊரிலும் காற்றடிக்கும் கடை உண்டு, ஆனால் அந்தக் குழாய் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும்.

இனி வழி. தேனியிலிருந்து வீரபாண்டி வரை நெடுஞ்சாலை. அதன்பின் உப்புக்கோட்டை விலக்கில் வலது பக்கம் திரும்பி உப்புக்கோட்டை, பாலார்பட்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர் போய்ச் சேருங்கள். தூரம் கொஞ்சம் கூடும், அது பரவாயில்லை. இரண்டு பக்கமும் நெல், தென்னை, வாழை என்று பெரியாற்றுத் தண்ணீர் செய்த வேலையெல்லாம் இந்தச் சாலையில்தான் கண்ணுக்குத் தெரியும். 1895-இல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்குக்குப் பாலார்பட்டி மக்கள் ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று பொங்கல் வைக்கிறார்கள். அன்றைக்குப் போனால் இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சனிக்கிழமை மட்டும் குச்சனூரைத் தவிர்த்துவிடுங்கள். சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் வண்டிகளால் சாலை நெரியும், ஆடிச் சனிக்கிழமைகளில் கேட்கவே வேண்டாம்.

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வரை நெடுஞ்சாலைதான் வசதி. டிபனை உத்தமபாளையத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இட்லியும் பொங்கலும் போதும், பூரி வேண்டாம். அங்கிருந்து இடது பக்கம் கோகிலாபுரம் சாலை. ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று மேகமலை அடிவாரத்தை ஒட்டிப் போகும் இந்தத் துண்டுதான் திராட்சை நாடு.

இங்கே வேகத்தைக் குறையுங்கள். கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். பந்தல் ஆள் உயரம்தான். உள்ளே குனிந்து நுழைந்தால் வெயில் இலையில் நின்றுவிடும், தலைக்கு நேராகக் குலை தொங்கும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றில் கவாத்து வெட்டி மொட்டைக் கொடி, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் கறுத்த குலை. கவாத்து வெட்டி ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுப்பு வந்துவிடும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதம் வெட்டுவதால் ஆண்டு முழுக்க எங்கேயாவது பழம் இருந்துகொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் அறுப்பு ஒரே பருவத்தில் முடிந்துவிடும், இங்கே எந்த மாதம் வந்தாலும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் வகை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். சைக்கிளைக் கல்தூணில் சாய்க்காதீர்கள், தூண் அசைந்தால் மேலே கம்பி தளரும். குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள். "அண்ணே, உள்ள வந்து பாக்கலாமா?" என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. "வாங்க தம்பி, பாருங்க. அந்த வரிசைய மட்டும் தொடாதீங்க, நேத்துதான் மருந்து அடிச்சிருக்கு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேளுங்கள். இலையிலும் குலையிலும் வெளிர்நீலமாகத் திட்டுத்திட்டாக உலர்ந்திருப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க அடிப்பது. பறித்துக் கொடுத்த பழத்தையும் பாட்டில் தண்ணீரில் நன்றாகக் கழுவித்தான் வாயில் போட வேண்டும். மருந்து அடித்துக்கொண்டிருக்கும் தோட்டத்தின் பக்கம் நிற்கவே நிற்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கடந்துவிடுங்கள்.

சுருளிப்பட்டியோடு திரும்பினால் போகவர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். கால் இன்னும் கேட்கிறது என்றால் கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறலாம். மலைச்சாலை ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வழியில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம், தண்ணீர் திறந்திருக்கும்போது இரைச்சல் பாலத்தில் நின்று கேட்கலாம். பின்பக்கம் 32 பல் சக்கரமாவது இல்லாமல் ஏறாதீர்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் மேலேறி, மாலை நாலு மணிக்கு மேல் கீழே பாய்ந்து வரும், வளைவில் பிரேக் பிடிப்பதை எதிர்பார்க்கவே முடியாது. ஆகவே மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஆடி மாதம் என்றால் சாரலில் சாலை நனைந்திருக்கும், பாதி வேகம் போதும்.

திரும்பும் வழியில் இளநீர் இரண்டு, நீர்மோர் ஒன்று, அதில் உப்பு கூடுதலாகக் கேளுங்கள். பழம் வாங்குவதாக இருந்தால் தோட்டத்திலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. ஜெர்சிப் பையில் போட்டால் வீரபாண்டி வருவதற்குள் சாறாகிவிடும். கைப்பிடிப் பையில் அடியில் வாழையிலைச் சருகு விரித்து, குலையைக் காம்பு மேலாக வைத்து, மேலே எதையும் அடுக்காமல் கொண்டுபோங்கள். அன்றிரவே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் அந்தப் பன்னீர் வாசம் போய்விடும்.