ஸ்கீ பூட்ஸ் லைனரைச் சூடாக்கிக் காலுக்குப் பொருத்துவது எப்படி?

சூடாக்கினால் பூட்ஸ் தானாகவே காலுக்குத் தகுந்தபடி வந்துவிடும் என்று நம்பித்தான் என் முதல் ஜோடியை வாங்கினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது சொகுசாக இருந்தது. புது ஸ்கீ பூட்ஸ் சொகுசாக இருந்தால் சைஸ் பெரிது என்று அர்த்தம், அது எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து சூடாக்கினேன், இன்னும் லூசாகிப் போனது.

ஸ்கீ பூட்ஸின் வெளிப்பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக் ஷெல், அதற்குள் கழற்றி மாட்டும்படி இருக்கிற மெத்தென்ற உள்பூட்ஸ்தான் லைனர். அதில் இருக்கும் ஈ.வி.ஏ என்கிற நுரை சூட்டில் இளகிக் கொஞ்சம் உப்பும், கால் அழுத்துகிற இடத்தில் அமுங்கி வழிவிடும், அவ்வளவுதான். ஒரு சைஸ் பெரிய பூட்ஸைச் சின்னதாக்க அதனால் முடியாது. அதனால் கீழே எழுதியிருப்பதெல்லாம் சைஸ் சரியாக இருந்தும் அங்கங்கே கடிக்கிற பூட்ஸுக்கு மட்டும்தான்.

சைஸ் சரியா என்று பார்க்க, லைனரை உருவி எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஷெல்லுக்குள் மெல்லிய சாக்ஸோடு காலை விடுங்கள். விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும்வரை காலை நகர்த்தி, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் அருமை, 2 வரைக்கும் சமாளிக்கலாம். 3 இருந்தால் ஓவனைத் தொடவே வேண்டாம், பூட்ஸை மாற்றுங்கள். பூட்ஸில் போட்டிருக்கும் மாண்டோபாயிண்ட் எண் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது, சாதாரண ஷூ சைஸோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு விஷயம், பெரும்பாலான மாடல்களில் 26.0, 26.5 இரண்டுக்கும் ஷெல் ஒன்றேதான். அரை சைஸ் ஏறினால் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் பல சமயம் ஏமாற்றம்தான்.

சூடாக்குவதற்கு முன்

கால் நகத்தை வெட்டுங்கள். சிரிக்காதீர்கள், நீளமான நகத்தோடு மோல்ட் செய்தால், அதாவது சூடான லைனரைக் காலில் போட்டுப் படியவைத்தால், நுரை அந்த நகத்துக்கும் சேர்த்துத்தான் இடம் விடும்.

பனியில் எந்த ஃபுட்பெட்டை (பாதத்துக்கு அடியில் போடும் உள்தட்டு) போடப் போகிறீர்களோ அதை மோல்டிங்கின்போதே உள்ளே போட்டுவிட வேண்டும். பூட்ஸோடு வருகிற ஃபுட்பெட் பெரும்பாலும் பெயருக்கு இருக்கும் ஒரு தட்டை அட்டைதான், பாதத்தின் வளைவை அது தாங்காது. காசு செலவழிப்பதென்றால் முதலில் இதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன். மோல்ட் செய்துவிட்டு அப்புறம் ஃபுட்பெட்டை மாற்றினால் கால் உயரம் மாறி, செய்த வேலையெல்லாம் வீண்.

அடுத்தது விரல்மூடி. விரல்களுக்கு முன்னால் அசைய இடம் வேண்டும் என்பதற்காக, மோல்ட் செய்யும்போது மட்டும் விரல்கள் மேல் மாட்டுகிற குல்லாய் இது. விலைக்குக் கிடைக்கிறது. பழைய நியோப்ரீன் (நுரை ரப்பர்) துண்டை வெட்டித் தைத்தாலும் போதும், பஞ்சு மட்டும் வேண்டாம், அது நசுங்கிவிடும். கணுக்கால் எலும்பு, சுண்டுவிரலின் அடிமுட்டு என எங்கெல்லாம் கடிக்கிறதோ அங்கெல்லாம் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒட்டும் நுரைத்துண்டை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு மெல்லிய சாக்ஸைப் போடுங்கள். தடித்த சாக்ஸ் கதகதப்பாக இருக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கால் நசுங்கி ரத்த ஓட்டம் குறைந்தால் அதுவே குளிர்வதற்குக் காரணமாகிவிடும்.

சூடு

முழுசாக மோல்ட் ஆகும் லைனர்களுக்குப் பொதுவாக 110 முதல் 120 டிகிரி செல்சியஸ், 8 முதல் 12 நிமிடம். உங்கள் லைனருக்கு அதைத் தயாரித்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்களோ அதுதான் கடைசி வார்த்தை. வீட்டு ஓவன் கூடாது, கடையில் இருக்கும் கருவியில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால் கடைக்கே போய்விடுங்கள்.

வீட்டில் செய்யலாம் என்றால் மின்சார ஓவன்தான், தீ எரிகிற கேஸ் ஓவன் வேண்டவே வேண்டாம். ஓவனின் முகப்பில் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, உள்ளே வைக்கிற தனி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முன்கூட்டியே சூடேற்றிவிட்டு, கம்பித் தட்டின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து, லைனர் எந்த உலோகத்தையும் தொடாதபடி அதன் மேல் நிறுத்துங்கள். ஃபுட்பெட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும் செய்யுங்கள். ஷெல் ஓவனுக்குள் போகக்கூடாது, அது அறை வெப்பத்தில் பக்கிளெல்லாம் (ஷெல்லை இறுக்கி மூடும் கொக்கிகள்) திறந்தபடி பக்கத்தில் தயாராகக் காத்திருக்கட்டும்.

நான் சறுக்கிய இடம்

சூடான லைனரை ஷெல்லுக்குள் வைத்துவிட்டு, அதற்குள் காலைத் திணித்தேன். என் லைனர் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து மூடுகிற வகை. இளகிப்போன நுரை காலோடு சேர்ந்து இழுபட்டு, கணுக்கால் மடங்குகிற இடத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. உள்ளே நடப்பது வெளியே தெரியாது, சூட்டில் வலியும் தெரியாது, நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆறியதும் அந்தச் சுருக்கம் கயிறு மாதிரி இறுகிவிட்டது. மறுநாள் மலையில் பத்து நிமிடம் தாண்டுவதற்குள் புறங்காலில் கத்தி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது செய்வது வேறு முறை. சூடான லைனரை எடுத்ததும் ஃபுட்பெட்டை உள்ளே தள்ளிவிட்டு, ஷெல்லை மறந்து, லைனரைத் தனியாகக் காலில் மாட்டுகிறேன். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் படியவைத்து, விரலால் தடவிப் பார்க்கிறேன். பிறகு லைனருக்கு மேலேயே ஒரு பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துவிட்டால் மடிப்பு நகராது, ஷெல்லுக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். கூட இருக்கும் ஒருவரை ஷெல்லின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தனியாகச் செய்தால் இங்கேதான் நேரம் போய் லைனர் ஆறிவிடும்.

உள்ளே போனதும் குதிகாலை மூன்று நான்கு முறை பின்னால் உதைத்து, பக்கிள்களை இலேசாக, சும்மா மூடிக்கொள்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். இறுக்கினால் நுரை தேவைக்கு மேல் நசுங்கி, அப்புறம் அந்த இடம் லூசாகிவிடும். பூட்ஸின் முன்பகுதியை ஒரு 4 சென்டிமீட்டர் கட்டைமேல் வைத்து நின்றால் குதிகால் நன்றாகப் பின்னால் பதியும். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஃபோன் எடுக்கப் போகாதீர்கள், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்காதீர்கள். நேரம் முடிந்ததும் காலை மெல்ல எடுத்து, லைனரை ஷெல்லுக்குள்ளேயே விட்டு ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்த ஒருவர், நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் இடிக்கிறது என்று பயந்து எழுதியிருந்தார். லேசாகத் தொடத்தான் வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னுக்குப் போய் விரல் விடுபடும், விடுபடாவிட்டால்தான் பிரச்சினை.

இன்னொருவர் சாதாரண லைனரை ஓவனில் வைத்துப் பசை விட்டுப்போயிருக்கிறது. எல்லா லைனரும் ஓவனுக்கு உரியது இல்லை. சில, காலின் சூட்டிலேயே சில நாள் ஓட்டத்தில் தானாகப் படியும். ஷெல்லையே சூடாக்கி விரிக்கிற மாடல்களும் உண்டு, சாலமன், அட்டாமிக் இரண்டிலும் பார்க்கலாம், ஆனால் அது கடையில் செய்கிற வேலை.

அந்தச் சுருக்கம் விழுந்த லைனர் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: மறுபடி சூடாக்கியதில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. இரண்டாவது முறை நுரை முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்தே வந்தது, அந்தக் காலில் மட்டும் இப்போது பக்கிளை ஒரு பல் கூடுதலாக இழுத்துப் போடுகிறேன்.