மஞ்சள் கறையின் பிடிமானத்தைக் கணக்கிடுவது எப்படி

வேட்டியில் மஞ்சள் பட்டால் கறை லேசில் போகாது. அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு எதுவும் போடுவதில்லை, ஹைட்ரஜன் பிணைப்பும், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய வாண்டர்வால்ஸ் ஈர்ப்பும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரோட்டு மஞ்சளையோ திருப்பூர்ச் சாயத்தையோ எடுத்துக்கொண்டு எம்எஸ்சி புராஜெக்ட் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பிடிமானத்தைக் கணினியில் கணக்கிடும்போது வெறும் பி3எல்ஒய்பி (ஆற்றலைக் கணக்கிடும் பிரபலமான முறை), 6-31ஜி* (எலெக்ட்ரான்களை விவரிக்கும் சிறிய சார்புத் தொகுப்பு, அதாவது பேசிஸ்) என்று போட்டு ஓட்டிவிடாதீர்கள்.

ஏன் என்று கேட்டால், இரண்டு பென்சீனைச் சற்று விலக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். உண்மையான ஈர்ப்பு மோலுக்குச் சுமார் 2.7 கிலோகலோரி. வெறும் பி3எல்ஒய்பி அவை விலக்குகின்றன என்கிறது, எம்பி2 என்ற இன்னொரு முறை கிட்டத்தட்ட 5 என்கிறது, ஆனால் அதே எம்பி2 இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளுக்குச் சரியாக 5-ஐ ஒட்டித் தருகிறது! அதனால் ஒரு முறை நல்லதா என்று கேட்பதைவிட, எந்த வகை ஈர்ப்புக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? பி3எல்ஒய்பி விட்டுவிடும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பை ஈடுசெய்யும் கிரிம்மேயின் டி3 திருத்தத்தைச் சேருங்கள், உள்ளீட்டில் ஒரே ஒரு சொல், நேரமும் கூடாது. அடுத்து பேசிஸ். சிறிய பேசிஸில் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறின் சார்புகளைக் கடன் வாங்கிக்கொள்வதால் ஈர்ப்பு வீங்கித் தெரியும். 1970-இல் பாய்ஸும் பெர்னார்டியும் சொன்ன கவுன்டர்பாய்ஸ் முறைப்படி, ஒவ்வொரு மூலக்கூறையும் மற்றதன் அணுக்களை சார்புகள் மட்டுமே உள்ள வெறும் பேய் அணுக்களாக வைத்து, முழு ஜோடியின் பேசிஸிலேயே கணக்கிட்டுக் கழியுங்கள். டி3 இல்லாத குறையும் இந்த வீக்கமும் ஒன்றையொன்று மறைத்துப் பார்வைக்கு நல்ல எண்ணைத் தந்துவிடும். எனக்கு மிகவும் பயம் தருவது அந்த எண்தான்.

அப்புறம், பெரிய கணக்குக்கு முன்னால் சோதனை. 2011-இல் வந்த எஸ்66 தொகுப்பில் 66 மூலக்கூறு ஜோடிகளுக்கு, மிகத் துல்லியமானதாகக் கருதப்படும் சிசிஎஸ்டி(டி) முறையின் மதிப்புகள் உள்ளன. மெத்தனால் ஜோடி, பென்சீன்-மெத்தனால், பென்சீன் ஜோடி என்று உங்கள் சிக்கலை ஒத்தவற்றை எடுத்து உங்கள் முறையில் ஓட்டுங்கள். பிழை அரை கிலோகலோரியைத் தாண்டினால் முறையை மாற்றுங்கள், குர்குமினுக்குப் போகவே வேண்டாம்.

குர்குமினுக்கே நேராக சிசிஎஸ்டி(டி) போட முடியாதா என்றால், அமைப்பு இரட்டித்தால் வேலை 128 மடங்காகும், குர்குமினிலோ 47 அணுக்கள். ஆர்கா என்ற மென்பொருளில் உள்ள, தோராயமாக்கிய டிஎல்பிஎன்ஓ வகை அந்த அளவைத் தாங்கும், அதன் துல்லிய வரம்புகளை மட்டும் இறுக்கமாக வையுங்கள். பெரிய மூலக்கூறுகளில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கார்பன் வளையத்துக்குள் சி60 இருக்கும் அமைப்பில் சிசிஎஸ்டி(டி)யும் குவாண்டம் மான்டே கார்லோ என்ற மற்றொரு துல்லிய முறையும் 7 கிலோகலோரிக்கு மேல் வேறுபடுவதை 2021-இல் காட்டினார்கள்.

வந்த எண்ணைச் சாய ஆலையின் அளவீட்டோடு நேராக ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் அது வெற்றிடத்தில் இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் ஆற்றல். சாயத்தொட்டியிலோ தண்ணீரும் உப்பும் சூடும் சேர்ந்தே இருக்கின்றன, துணியில் ஒட்டுமுன் குர்குமின் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை விட்டு வர வேண்டும்.